பெரிய கம்பெனியின் கணக்கை நாம் படிப்பது எப்படி?

கலும்பாங்கில் மளிகைக் கடை நடத்தி வரும் நமது சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் ஆறாம் படிவத்தில் வணிகம் படிக்கிறாள். பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனி ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதன் வரலாறு, தொழில், கணக்கு, நிர்வாகம் ஆகியவற்றை ஆராய்ந்து கட்டுரை எழுதி வரும்படி பள்ளியில் பணித்திருக்கிறார்கள். சென்ற மாதம் பிள்ளை தன் அத்தாவையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தாள். கையில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கை. இருநூறு பக்கத்துக்குக் குறையாது. "இதை எங்கேயிருந்து படிக்க ஆரம்பிக்கிறது மாமா?" என்று கேட்டாள். தகப்பனாரோ, "இதெல்லாம் பெரிய முதலாளிமார் சமாசாரம் நானா, நமக்கு என்ன தெரியும்?" என்றார்.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் நம்மை இதை எழுதத் தூண்டியது. முப்பது வருஷமாகப் பற்று வரவு எழுதி, பேரேடு கட்டி, வருஷக் கடைசியில் ஐந்தொகை போட்டுப் பார்க்கிற மனிதர் அவர். கம்பெனிக்காரர்கள் அச்சிட்டு வெளியிடுவதும் அதே ஐந்தொகைதான். தொகையின் பின்னால் பூஜ்யங்கள் அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்குத் தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும்?

பிள்ளை முதலில் அமெரிக்காவிலுள்ள கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றைப் பற்றி எழுத ஆசைப்பட்டாள். வேண்டாமென்றோம். கண்ணால் பார்க்கக்கூடிய தொழிலை எடுத்துக்கொள். கணக்கில் ஒரு வரியைப் படித்தால் அது எதைச் சொல்கிறதென்று உனக்கு மனத்தில் தோன்ற வேண்டும் என்றோம். கலும்பாங்கிலிருந்து தெற்கே கெர்லிங்குக்குப் போகிற பாதையில் செம்பனை தெரியாத இடம் குறைவு. ஆகவே கே.எல்.கே. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கோலாலம்பூர் கெப்போங் பெர்ஹாட் என்ற கம்பெனியை எடுத்துக்கொண்டோம். உலு சிலாங்கூரில் கெர்லிங், சங்காட் ஆசா என்னும் தோட்டங்கள் அதன் சொத்துப் பட்டியலில் நாம் பார்த்தவை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. பழைய லண்டன் ரப்பர் கம்பெனிகளின் வரிசையில் கூலா-கலும்போங் என்று ஒன்று உண்டு. பிள்ளை அதைக் கண்டவுடன் நம் ஊர்தான் என்று சந்தோஷப்பட்டுவிட்டாள். அது பேராக்கில் கிரியான் வட்டாரத்துத் தோட்டம். நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனிகளின் பெயரிலும் இந்தக் குழப்பம் உண்டு. 'செண்டிரியான் பெர்ஹாட்' என்றிருந்தால் அது தனியார் கம்பெனி. ஊரார் அதன் பங்கை வாங்க முடியாது. 'பெர்ஹாட்' என்று மட்டும் இருந்தால் பொதுக் கம்பெனி. ஆனால் பொதுக் கம்பெனிகள் எல்லாமே சந்தையில் பட்டியலிடப்பட்டவை அல்ல. பட்டியலிடப்பட்டிருந்தால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைச் சொல்லவும், வருஷம் முடிந்து நான்கு மாதத்துக்குள் ஆண்டறிக்கையை வெளியிடவும் பர்சா மலேசியாவின் விதி கட்டாயப்படுத்துகிறது. அந்த அறிக்கையைப் படிக்கக் காசும் கிடையாது, சிபாரிசும் வேண்டியதில்லை. பர்சாவின் இணையப் பக்கத்தில் கடைப்பையன்கூட எடுத்துப் படிக்கலாம்.

கம்பெனி எப்போது பிறந்தது என்ற கேள்விக்குப் பிள்ளை 1973 என்று எழுதியிருந்தாள். சட்டப்படி சரி, கே.எல்.கே. பெர்ஹாட் பதிவானது அந்த வருஷம்தான். ஆனால் வேர் அதற்கு முன்னே இருக்கிறது. 1906-ல் கோலாலம்பூர் ரப்பர் கம்பெனி என்ற பெயரில் தலைநகரின் சுற்றுப்புறத்தில் ஐந்து தோட்டங்கள், சுமார் 640 ஹெக்டேர், ரப்பரும் காப்பியுமாக ஆரம்பித்த வெள்ளைக்காரக் கம்பெனி அது. 1960-ல் கோலாலம்பூர்-கெப்போங் அமல்கமேட்டெட் என்று பெயர் மாறிற்று. பிறகு மலேசியக் கம்பெனியாக மாற்றி அமைக்கப்பட்டு, 1974-ல் நம் நாட்டுச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அந்தக் காலத்தில் அதை நடத்தியவர் ஈப்போவைச் சேர்ந்த லீ லோய் செங். தலைமை ஆபீசும் ஈப்போவிலேயே, எஸ்.பி. சீனிவாசகம் சாலையில் அமைந்தது. 640 ஹெக்டேரில் ஆரம்பித்த கம்பெனி இன்று மலேசியாவிலும் இந்தோனேசியாவிலுமாகச் சுமார் மூன்று இலட்சம் ஹெக்டேரில் செம்பனை பயிரிடுகிறது. எண்ணெயிலிருந்து கொழுப்பு அமிலமும் சோப்புக்கு வேண்டிய சரக்கும் செய்யும் ஆலைகளைச் சீனாவிலும் ஐரோப்பாவிலும் வைத்திருக்கிறது. வீடு கட்டியும் விற்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம்.

ஆண்டறிக்கையின் முன்பக்கங்களில் பச்சைப் பசேலென்ற படங்களும் சிரித்த முகங்களும் இருக்கும். சரக்கு விற்க வருகிற ஏஜெண்டு முதலில் திறந்து காட்டும் மாதிரிப் பெட்டி அது. பார்க்கலாம், தவறில்லை, ஆர்டர் கொடுப்பதற்குமுன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பவன்தான் வியாபாரி. மூட்டை பின்பக்கங்களில் இருக்கிறது. ஆகையால் பின்னாலிருந்து படிக்கச் சொன்னோம்.

முதலில் விற்றுமுதலும் இலாபமும். கே.எல்.கே.யின் கணக்கு வருஷம் செப்டம்பர் 30-ல் முடிகிறது. 2022 செப்டம்பரில் முடிந்த வருஷத்தில் விற்றுமுதல் சுமார் 2,700 கோடி வெள்ளி. பங்குதாரர்களுக்குச் சேர்ந்த இலாபம் சுமார் 216 கோடி. அடுத்த வருஷம் விற்றுமுதல் சுமார் 2,360 கோடி. இலாபம் சுமார் 83 கோடி. நமது முறையில் போட்டுப் பார்த்தால், ஒரு வெள்ளிக்கு விற்றதில் முதல் வருஷம் 8 காசு நின்றது, மறு வருஷம் 3½ காசுதான் நின்றது. விற்பனை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைந்த நிலையில், இலாபம் பாதிக்கும் கீழே போய்விட்டது! பிள்ளை நிர்வாகம் கெட்டுப்போயிற்று என்று எழுதப் பார்த்தாள். பொறு என்றோம். 2022-ன் முற்பகுதியில் உக்ரைன் யுத்தத்தால் சூரியகாந்தி எண்ணெய் வரத்துத் தடைப்பட்டது. இந்தோனேசியா ஏப்ரல் கடைசியிலிருந்து மே மாதம் 23 வரை பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. கச்சா எண்ணெய் டன் 7,000 வெள்ளியைத் தாண்டி ஏறிற்று. அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே 4,000-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. உரத்தின் விலையும் கூலியும் அவ்வளவு வேகமாக இறங்கவில்லை. விலை ஏறியபோது வந்த இலாபம் திறமையால் மட்டும் வந்ததல்ல. ஆகவே விலை இறங்கியபோது குறைந்ததும் திறமைக் குறைவால் மட்டும் என்று சொல்ல முடியாது. ஒரு வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டு கம்பெனியை எடைபோடுவது, நோன்புப் பெருநாள் வாரத்து விற்பனையைப் பார்த்துக் கடைக்கு விலை பேசுவதைப் போன்றது. ஐந்து வருஷமாவது எடு என்று சொன்னோம். அறிக்கையிலேயே ஐந்து வருஷக் கணக்கு வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது பணம். இலாபமும் பணமும் ஒன்றல்ல என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு கடையில் மாதம் 40,000 வெள்ளிக்கு விற்பனை, 4,000 வெள்ளி இலாபம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 15,000 பற்றுப் புத்தகத்தில் நிற்கிறது. ஏட்டில் இலாபம் உண்டு. மொத்தக் கடைக்காரருக்குக் கொடுக்கக் கல்லாவில் பணம் இல்லை. கம்பெனிக்கும் இதே கதைதான். அதற்காகத்தான் பணப்புழக்கக் கணக்கு என்று தனியாக ஒன்று போடுகிறார்கள். தொழிலிலிருந்து உள்ளே வந்த பணம் எவ்வளவு, யந்திரத்துக்கும் நிலத்துக்கும் வெளியே போனது எவ்வளவு, பாங்கியில் வாங்கியதும் கட்டியதும் எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்திருக்கும். நாம் கேட்டால், இலாபக் கணக்கைப் படிக்க நேரமில்லாதவர் இதை மட்டுமாவது படிக்கட்டும் என்போம். இலாபத்தை அபிப்பிராயத்தால் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். பாங்கியிலுள்ள பணத்தை அப்படிச் செய்வது கடினம்.

கடனையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். 2021-ல் கே.எல்.கே. சுமார் 153 கோடி வெள்ளி கொடுத்து ஐ.ஜே.எம். பிளாண்டேஷன்ஸ் கம்பெனியின் 56 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அதற்கு முந்திய வருஷத்துக் கடனையும் பிந்திய வருஷத்துக் கடனையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார், ஒரு வருஷத்துக்குள் திருப்பவேண்டியது எவ்வளவு, பிறகு திருப்பவேண்டியது எவ்வளவு என்று பிரித்து எழுது என்று பிள்ளைக்குச் சொன்னோம். கடன் வாங்குவது குற்றமல்ல. எப்போது கட்டவேண்டும் என்பதை மறப்பதுதான் கடைகளைக் கவிழ்த்திருக்கிறது.

நம்மவர்கள் கேட்கும் வேறொரு கேள்விக்கும் இந்தப் பக்கத்தில்தான் விடை இருக்கிறது. எந்தப் பங்கு ஷரீஅத்துக்கு ஒத்தது என்ற பட்டியலைப் பங்குப் பத்திர ஆணையம் 1997 முதல் வெளியிட்டு வருகிறது. மே மாதத்திலும் நவம்பரிலும் புதுப்பிக்கிறது. தொழில் ஹலாலானதா என்று பார்ப்பதோடு, 2013 நவம்பர் முதல் வட்டிக் கடனும் வட்டிக் கணக்கிலுள்ள பணமும் மொத்தச் சொத்தில் ஒவ்வொன்றும் 33 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்ற அளவும் சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியல் ஆகுமா, ஆகாதா என்று மட்டுமே சொல்லும். வாங்கினால் இலாபமா, நஷ்டமா என்று அது சொல்வதில்லை. இதைப் பிரித்தறியாமல் "லிஸ்டில் இருக்கிறது, வாங்கிப் போடு" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு.

வியாபாரிகள் புன்னகை செய்யத்தக்க ஒரு விஷயத்தையும் பிள்ளை தேடி எடுத்து வந்தாள். 1996-ல் இந்தத் தோட்டக் கம்பெனி கிராப்ட்ரீ அண்ட் எவ்லின் என்ற சோப்பு, வாசனைப் பொருள் கடைகளை வாங்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அழகான கடைகள். 2009-ல் அதன் அமெரிக்கக் கிளை நொடிப்புப் பாதுகாப்புக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. 2012-ல் கே.எல்.கே. அதை விற்று வெளியேறிவிட்டது. இலட்சக்கணக்கான ஏக்கர் ஆளத் தெரிந்தவர்களுக்கும் கடை நடத்துவது கைவரவில்லை. நம் தொழிலை நாமே இலேசாக நினைக்க வேண்டியதில்லை!

இனி யாருடைய கம்பெனி என்று பார்க்க வேண்டும். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் முப்பது பெரிய பங்குதாரர்களின் பெயரும் பங்கும் இருக்கும். கே.எல்.கே.யில் ஏறக்குறையப் பாதி பத்து காவான் பெர்ஹாட் என்ற மற்றொரு பட்டியலிட்ட கம்பெனியின் கையில் இருக்கிறது. ஆகவே அதன் பின்னால் யார் என்று அந்தக் கம்பெனியின் அறிக்கையையும் புரட்ட வேண்டியதாயிற்று. பெரிய பங்குதாரர்களில் ஊழியர் சேமநிதி வாரியமும் ஒன்று. நம் கடைச் சிப்பந்திகளுக்கு மாதாமாதம் நாம் கட்டும் சேமநிதிப் பணத்தில் ஒரு துளி கெர்லிங் செம்பனையிலும் இருக்கிறதென்று சொன்னபோது, தகப்பனார் அதுவரை சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெட்டியின் சாவி யார் கையில் இருக்கிறது என்று ஏன் பார்க்க வேண்டும் என்பதற்கு நமது மாநிலத்தின் பெயரைத் தாங்கிய வழக்கு ஒன்று உண்டு. உலகெங்கும் கம்பெனிச் சட்டம் படிப்பவர்கள் அதைப் படிக்கிறார்கள். சிலாங்கூரில் இருக்கும் நம்மில் பலர் கேள்விப்பட்டதில்லை. செலாங்கூர் யுனைட்டெட் ரப்பர் எஸ்டேட்ஸ் என்பது லண்டன் சந்தையிலிருந்த கம்பெனி. 1950-களின் கடைசியில் அதனிடம் தோட்டம் இல்லை. பாங்கியில் ரொக்கம்தான் இருந்தது. கிராடாக் என்பவர் 1958-ல் அதன் பங்குகளை வாங்க முன்வந்தார். பங்குதாரர்களுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தை ஒரு பாங்கி கொடுத்துதவியது. பங்குகள் கைக்கு வந்ததும் தமக்கு வேண்டியவர்களை டைரக்டர்களாக வைத்தார். கம்பெனியின் ரொக்கம் 232,500 பவுனும் அதே பாங்கிக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து வேறொரு கம்பெனிக்குக் 'கடன்', அந்தக் கம்பெனியிலிருந்து கிராடாக்குக்குக் 'கடன்', அதைக் கொண்டு பாங்கிக்கு அடைப்பு. எல்லாம் காகிதத்தில் முறையாகவே நடந்தது. சுருக்கமாகச் சொன்னால், கடையின் சாவியை வாங்கி, கல்லாவைத் திறந்து, அதிலிருந்த காசை எடுத்தே கடையின் விலையைக் கொடுத்தார்! மீதமிருந்த சிறு பங்குதாரர்களின் பணம் அதோடு போயிற்று. பிரிட்டிஷ் வர்த்தக போர்டு கம்பெனியின் பெயரால் வழக்குத் தொடர்ந்து, 1968-ல் தீர்ப்பாயிற்று. கிராடாக்குடன் சம்பந்தப்பட்ட பாங்கிகளும் பொறுப்பேற்கவேண்டுமென்று நீதிபதி உங்கோட்-தாமஸ் சொன்னார். தன் பங்கை வாங்கத் தானே பணம் கொடுப்பதை நமது 1965-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு தடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 123-ஆம் பிரிவாக இருக்கிறது. தொழில் இல்லாமல் ரொக்கம் மட்டும் நிறைந்த கம்பெனியைக் கண்டால், நல்ல பசையுள்ள கம்பெனி என்று மகிழ்வதற்குமுன் டைரக்டர்கள் யார், சம்பந்தப்பட்டவர்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் என்ன என்ற பக்கத்தைத் தேடுங்கள். அந்தப் பக்கமும் சட்டப்படி இருந்தே தீரவேண்டும்.

அந்தச் செலாங்கூர் கம்பெனியிடம் ஏன் தோட்டமில்லாமல் ரொக்கம் மட்டும் இருந்தது என்று பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போன காலம். வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். உங்கு அசிஸ் அவர்கள் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சார்பில் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து 1962-ல் அறிக்கை வெளியிட்டார். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே, 1960-ல், துன் சம்பந்தன் தொழிலாளரிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் துண்டானபோது வேலையிழந்த தொழிலாளரைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். அவர்களுக்குப் பற்றுக் கொடுத்திருந்த கடைக்காரரைப் பற்றி எழுதியவர் குறைவு.

நாமும் அந்த வழியில் அடிபட்டவர்கள்தாம். பல வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தை நம்பிக் கடை வைத்திருந்தோம். எந்தத் தோட்டம், எந்தக் கம்பெனி என்பது இப்போது வேண்டாம். திடீரென்று தோட்டம் வீடமைப்புக்குப் போகிறதென்றார்கள். இரண்டு மாதத்துக்குள் லயங்கள் காலியாயின. போனவர்களில் நாணயமாக வந்து தீர்த்தவர்கள் உண்டு. தீர்க்க முடியாமல் கண்ணீர்விட்டுப் போனவர்களும் உண்டு. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. பற்றுப் புத்தகம் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது. நம்மை உறுத்துவது வேறு. அந்த நிலத்தை வீடமைப்புக்கு மாற்றப் போகிறோம் என்று கம்பெனி தன் ஆண்டறிக்கையில் ஒரு வருஷத்துக்கு முன்பே அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். அன்றே படித்திருந்தால் பற்றைச் சுருக்கியிருப்போம். அடுத்த ஊரில் இடம் பார்த்திருப்போம்.

ஆகையால் கலும்பாங், கெர்லிங், கோலசிலாங்கூர்ப் பக்கத்து வியாபாரிகள், ஒரு பங்குகூட வாங்காதவர்களானாலும், தங்கள் ஊர்த் தோட்டக் கம்பெனியின் அறிக்கையில் இரண்டு இடத்தைப் பார்க்கலாம். ஒன்று சொத்துப் பட்டியல். ஒவ்வொரு தோட்டமும் எந்த ஊரில், எத்தனை ஹெக்டேர், சாசுவத நிலமா, குத்தகையானால் எந்த வருஷம் முடிகிறது என்று இருக்கும். சென்ற வருஷத்துப் பட்டியலையும் இந்த வருஷத்துப் பட்டியலையும் ஒத்துப் பார்த்தால் எது குறைந்தது என்று தெரிந்துவிடும். மற்றொன்று மரங்களின் வயது. கே.எல்.கே. தன் நிலத்தைக் காய்க்காத கன்று, 4 முதல் 9 வயது, 10 முதல் 18 வயது, 19-க்கு மேல் என்று பிரித்துக் காட்டுகிறது. செம்பனை மூன்றாம் வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். இருபத்தைந்தை ஒட்டி வெட்டி மறுநடவு செய்வார்கள். கிழமரமாக நிற்கிற தோட்டத்தைப் பற்றித்தான் மறுநடவா, வீடா என்று டைரக்டர்கள் யோசிப்பார்கள். கோல்ஃபீல்ட்ஸ் தோட்டம் இருந்த பக்கத்தில் பண்டார் செரி கோல்ஃபீல்ட்ஸ் என்ற புது நகரை இதே கம்பெனியின் வீடமைப்புப் பிரிவு எழுப்பியிருக்கிறது. அங்கே தோட்டக் கடைக்கு வேலையில்லை. வேறுவிதமான கடைக்கு நிறைய வேலை உண்டு. முன்கூட்டித் தெரிந்தவருக்கு அது நஷ்டமாகாது.

செய்தித்தாளில் வந்தது எல்லாம் நடந்ததாக ஆகாது என்பதையும் குறித்துக்கொள்ளச் சொன்னோம். 2023 ஆகஸ்டில் கே.எல்.கே. பூஸ்டெட் பிளாண்டேஷன்ஸின் மூன்றில் ஒரு பங்கைச் சுமார் 115 கோடி வெள்ளிக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அக்டோபரில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. இடையில் இரண்டே மாதம்.

பிள்ளை கட்டுரையை முடித்துவிட்டாள். முன்பக்கத்துப் படங்களில் ஒன்றைக்கூட ஒட்டவில்லை. தகப்பனார் முழுதும் படித்தாரா என்று தெரியாது; சொத்துப் பட்டியல் எந்தப் பக்கத்தில் என்று மட்டும் கேட்டார். கெர்லிங் என்ற வரிக்கு வந்ததும் விரலை வைத்து ஹெக்டேரைப் படித்தார். "அடுத்த ரிப்போர்ட் எப்போ வரும்மா?" என்றார்.

"செப்டம்பர் 30-ல் கணக்கு முடியுது அத்தா. நாலு மாசத்துக்குள்ள வரணும். ஜனவரி முடிய."

கடையில் மொத்தக் கடைக்காரருக்குப் பணம் கட்டவேண்டிய தேதிகளை எழுதிவைக்கும் நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. புது வருஷத்து நாட்காட்டி வந்ததும் ஜனவரி கடைசி வாரத்தில் 'கெர்லிங்' என்று எழுதப்போவதாகச் சொன்னார். இம்மாதிரி தங்கள் ஊர்த் தோட்டத்தின் அறிக்கையை எடுத்துப் பார்க்க விரும்பும் அன்பர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் சங்கத்துக்கு வந்தால் நாம் உடனிருந்து பார்ப்போம். கண்ணாடி அணிகிறவர்கள் மறவாமல் கொண்டு வரவும். எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது.